இரண்டாம் இறக்கை எந்தப் பக்கம்

அவர் செய்த வேலை ஊரில் ஆறாயிரத்துச் சொச்சம் பேருடைய வாயில் இருந்தது. சரியாகச் சொன்னால் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பல் செட்டுகள். முப்பத்து நாலு வருடங்களில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நீல அட்டை நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். பல் மருத்துவமனையின் பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு நீள மேசை. அதுதான் அவர் ராஜ்யம். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்து முன்னறைக்கு அனுப்புவார். போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். நன்றி சொல்லப் பின்னறைவரை யாரும் வந்ததில்லை.

ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசை தன் வேலை என்று இவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நல்லா பொருந்தியிருக்கு" என்றார். பெரியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

தன் கையால் செய்த ஒரு பொருள், தன் பேர் எழுதின ஒரு அட்டையோடு, நாலு பேர் நின்று பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதில் அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை. ஆனால் சின்ன ஆசைகள்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கின்றன.

பத்தொன்பது வருடமாக அவர் மாதிரி ராக்கெட் கட்டிக்கொண்டிருந்தார். கிட் என்று பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் நிஜ ராக்கெட்டின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மேசைமேல் நிற்கும். நூலக மாடியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ராக்கெட் வட்டத்தில் பதினாலு பேர். அதில் ஒருவர் எப்போதோ, "மயிரிழை கூடத் தப்பில்லைங்க" என்று யாருடைய மாதிரியையோ பாராட்டினார். இவர் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, "மயிரிழைன்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து வட்டத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பேர். கோபப்படவில்லை. உள்ளூர அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

வட்டத்துக்கு அவர் செய்த பெரிய காரியம் ஒரு திருத்தத் தாள். எல்லோரும் விரும்பிக் கட்டுகிற மூன்றடுக்கு ராக்கெட் ஒன்று உண்டு. கிட் செய்த கம்பெனிக்காரன், பறக்காமல் தரையிலேயே சோதனைக்கு நின்ற ராக்கெட்டைப் பார்த்து வழிமுறைத் தாள் வரைந்துவிட்டான். பறந்த ராக்கெட்டின் வண்ணம் வேறு. இவர் பல இடங்களுக்குக் கடிதம் எழுதி, நிஜ ராக்கெட்டின் வரைபடம் ஒன்றை வரவழைத்தார். அதை வைத்து, இரண்டாம் அடுக்கில் கறுப்புப் பட்டை கிடையாது, அடியில் நாலு இறக்கைகளுக்கு இடையே உள்ள நாலு கால்பாகங்களில் எது கறுப்பு, எது வெள்ளை என்று நான்கு பக்கத்துக்கு எழுதினார். பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் மனைவி அதை அழகாக அடித்துக் கொடுத்தாள். வட்டத்தில் யார் அந்த ராக்கெட்டை வாங்கினாலும், கேட்காமலே ஒரு பிரதி கொண்டுபோய்க் கையில் கொடுப்பார். பதினோரு வருடமாக வட்டத்தில் அந்தத் தாள்தான் சட்டம். அடுத்தவர் மாதிரியைப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் அந்தத் தாளைத்தான் விரிப்பார்கள்.

இந்த நிம்மதியில் கல்லைப் போட்டவன் மனைவியின் தம்பி.

பஸ் பணிமனையில் அவன் பெயிண்டர். நாற்பத்து மூன்று வயது. எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் பஸ் கூரையிலிருந்து வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தான். பொழுது போகவில்லை என்று அக்காவிடம் அழாக் குறையாகப் புலம்பினான். இவர்தான் இரக்கப்பட்டு, புதிதாய்க் கட்டுகிறவர்களுக்கான சின்னக் கிட் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டி, பசை, உப்புத்தாள், இரண்டு தூரிகை. தூரிகையை எப்படிப் பிடிப்பது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார், ஆயுள் முழுக்கத் தூரிகை பிடித்தவனுக்கு.

"சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டான் அவன்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தார். ராக்கெட் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பாதிகளையும் ஒட்டுகிற இடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் மெலிதாக ஒரு கோடு மிஞ்சும். பத்தொன்பது வருடமாக அவர் அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதில் கோடு இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நகத்தால் வருடிப் பார்த்தார். இல்லை.

"எப்படிடா பண்ணினே?"

"தண்ணி தொட்டுத் தேய்ச்சேன் மாமா. அப்புறம் ஸ்பிரேல நாலு தடவை, பூசினதே தெரியாத மாதிரி மெல்லிசா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள் சும்மா விட்டுடணும். பஸ்ஸுக்கும் அப்படித்தானே."

"ம்" என்றார். பாராட்ட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் "அடியில கொஞ்சம் தூசி ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கட்டைப் பிரித்ததும் மைத்துனன் வட்டத்தில் சேர்ந்தான். முதல் கூட்டத்திலேயே அவன் ராக்கெட்டைச் சுற்றிக் கூட்டம். நில அளவையர் ஒருவர்தான் வட்டத்துக்குத் தலைவர். எதையும் இரண்டு தடவை அளக்காமல் பேசாத மனிதர். அவரே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "மில்லிமீட்டர், உங்க மச்சினர் உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுடுவார் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரிக்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடித்துக்கொண்டிருந்ததால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

வீட்டிலும் அதே பாட்டு. "தம்பிக்குக் கை வந்திருக்கு பாத்தீங்களா? எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் கை" என்று மனைவி. பின்னறையில் மெழுகு உருக்கும்போதும் அவருக்கு அந்த மழமழப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. வயிறு எரிந்தது என்பது சும்மா சொல்வது இல்லை. நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் எரிந்தது. டாக்டரிடம் சொன்னார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு அது அடங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நூலகர் வட்டத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். நூலகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கண்ணாடிப் பேழை வைக்கப்போகிறார்கள். அதில் அந்த மூன்றடுக்கு ராக்கெட்டின் பெரிய மாதிரி ஒன்று நிரந்தரமாக நிற்கும். கீழே பித்தளைச் சட்டத்தில், கட்டியவர் பேர். எது என்று வட்டமே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஐந்து மாதம் அவகாசம்.

கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் தானாகவே மில்லிமீட்டர் பக்கம் திரும்பியது. பிறகு, அடுத்த நொடியே, அவர் மைத்துனன் பக்கமும் திரும்பியது. அந்த இரண்டாவது திரும்பலை அவர் எண்ணிக்கொண்டார். ஒன்பது தலைகள்.

பெரிய கிட் மின்சாமான் கடையின் பின்பகுதியில்தான் கிடைக்கும். இரண்டு பெட்டி வந்திருக்கிறது, இனி இந்த வருடம் வராது என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். இவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் போனார்.

"ரெண்டும் எடுத்துக்கறேன்."

கடைக்காரர் ஏணியில் நின்று ஒரு பெட்டியை இறக்கினார். "ஒண்ணுதாங்க இருக்கு."

"ரெண்டு வந்ததுன்னு சொன்னீங்களே."

"கடை திறக்கறதுக்கு முன்னாடியே உங்க மச்சினர் வந்து நின்னுட்டார். இதுல ஒரு மூலை நசுங்கியிருக்கு பாருங்க, அதனால அவர் இன்னொண்ணை எடுத்துக்கிட்டுப் போனார். உங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

"உதிரிக்கு" என்றார்.

கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். அதற்காக வாயைத் திறக்க மாட்டார்கள்.

நசுங்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். உள்ளே ஒரு துண்டுகூடச் சேதமில்லை என்று பிறகு எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நூற்று எண்பத்தேழு துண்டுகள், எல்லாம் சரி. ஆனாலும் நல்ல பெட்டி அவனிடம் போனது போனதுதான்.

வேலை தொடங்கியது. இவர் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார். பல்லுக்கு மெழுகு செதுக்குகிற கத்தி, பல்லைத் தேய்க்கிற சின்னச் சக்கரம் எல்லாம் ராக்கெட்டுக்கும் உதவின. ஒவ்வொரு துண்டையும் அளந்து, குறித்து, ஒட்டினார். எதையும் தலைக்குமேல் தூக்கிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மேல்தாடையானாலும் கீழ்த்தாடையானாலும் பின்னறை மேசையில் பல் மேலே பார்க்கக் கிடக்கும். அவர் குனிந்து மேலிருந்து பார்ப்பார். முப்பத்து நாலு வருடமும் அப்படித்தான். ராக்கெட்டும் ஒவ்வொரு அடுக்காக மேசைமேல் நின்றது. அவர் அதையும் குனிந்து மேலிருந்தே பார்த்தார்.

ஒரு நாள் மனைவி காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தம்பிக்கு அந்தத் திருத்தத் தாள் ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா?"

"அவன் கேக்கலையே."

"அவன் வட்டத்துக்குப் புதுசு, அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பான்? எல்லாருக்கும் நீங்களாத்தானே கொண்டுபோய்க் குடுப்பீங்க."

"கேட்டா குடுப்பேன்."

அவள் கையை நிறுத்தினாள். "ஏங்க, அவன் உங்களுக்கு என்ன பண்ணினான்?"

"யாரு என்ன சொன்னா இப்ப? பசை காயறதுக்குள்ள இதை ஒட்டணும், கொஞ்சம் பேசாம இரேன்."

அவள் நினைத்திருந்தால் தானே ஒரு பிரதியைத் தம்பி வீட்டில் சேர்த்திருக்கலாம். செய்யவில்லை. அது அவர் கையால் போக வேண்டிய தாள் என்று விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவருக்கு ஒரு விசித்திரமான நிம்மதி வந்தது. அவன் என்னதான் மழமழவென்று பூசினாலும், வழிமுறைத் தாளைப் பார்த்து இரண்டாம் அடுக்கில் கறுப்புப் பட்டை போடப்போகிறான். கால்பாகங்களையும் மாற்றிப் பூசப்போகிறான். நில அளவையர் தாளை விரித்த நிமிடமே அவன் கதை முடிந்தது. இதை நினைக்கும்போது நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் கொஞ்சம் அடங்கும். மாத்திரைக்கு அடங்காதது இதற்கு அடங்கியது. நாம் நல்லவனில்லையோ என்று ஒருமுறை தோன்றியது. நல்லவனாக இருப்பதற்கும் ராக்கெட் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு, மூன்றாம் அடுக்கை ஒட்டினார்.

போட்டிக்கு முந்தின நாள் மைத்துனன் பணிமனை நண்பனின் வேனோடு வந்தான். இரண்டையும் சேர்த்தே நூலகத்தில் இறக்கிவிடலாம் என்றான். இவருடைய ராக்கெட்டைத் தானே பஞ்சில் சுற்றினான். சுற்றும்போது அதை இப்படியும் அப்படியும் திருப்பி, கொஞ்ச நேரம் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்தான். அப்புறம், "சூப்பரா வந்திருக்கு மாமா" என்று மட்டும் சொன்னான். அவனுடையது ஏற்கெனவே துணி சுற்றி உள்ளே படுத்திருந்தது. பார்க்கட்டுமா என்று கேட்க இவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. நூலக மாடியில் பச்சைத் துணி விரித்த மேசைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு மீட்டர் இருபத்தாறு சென்டிமீட்டர் உயரம், இரண்டும். மைத்துனனுடையதைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஈயாடவில்லை. அது பிளாஸ்டிக் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளை, வெள்ளையாக இல்லாமல், வெயிலில் நின்ற உலோகத்தின் வெள்ளையாக இருந்தது. அதைவிட மோசமானது, இரண்டாம் அடுக்கில் கறுப்புப் பட்டை இல்லை. வழிமுறைத் தாளில் இருக்கிற பட்டை. அவன் எப்படி விட்டான்?

பிறகு அடிப்பக்கம் பார்த்தார், உயிர் வந்தது. கால்பாகங்கள் மாறியிருந்தன. இவருடையதில் கறுப்பு இருக்கிற இடத்தில் அவனுடையதில் வெள்ளை.

நில அளவையர் திருத்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு இரண்டையும் சுற்றி வந்தார். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடினார்.

"பூச்சுல, சொல்லவே வேணாம், தம்பியோடதுதான். ஆனா அளவு மாதிரின்னா முதல்ல சரியா இருக்கணும். கால்பாகம் நாலுமே மாறியிருக்கு. இது சின்னத் தப்பு இல்ல. அதனால பேழைக்கு மில்லிமீட்டரோடது."

கை தட்டினார்கள். மைத்துனனும் தட்டினான், எல்லோரையும் விட கொஞ்சம் அதிகமாகவே.

ஜெயித்த மனிதனுக்குப் பெருந்தன்மை சுலபமாக வரும். இவர் மைத்துனன் தோளில் கை போட்டு, மேசையோரம் அழைத்துக்கொண்டுபோனார். "வருத்தப்படாதே மச்சான். உனக்கு அந்தத் தாளைக் குடுக்க மறந்தே போச்சு. நீ எங்க தப்பு பண்ணினேன்னு காட்டறேன் வா. எதைப் பார்த்துப் பூசினே?"

"இதைத்தான் மாமா" என்று அவன் கிட் பெட்டியின் மூடியை எடுத்துக் கொடுத்தான்.

பெட்டியை நம்பாதே என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இவர் சொல்லும் முதல் பாடம். பத்தொன்பது வருடத்தில் எந்தப் பெட்டியின் மூடியையும் அவர் படிப்பதற்கென்று பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தார். மூடியின் பக்கவாட்டில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு புகைப்படம். ஏவுதளத்தில் நிற்கும் நிஜ ராக்கெட். இரண்டாம் அடுக்கில் பட்டை இல்லை. அடியில் ஒன்றாம் இறக்கை, பார்க்கிறவனை நோக்கிக் கத்தி விளிம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நேர்மேலே நீளமான கேபிள் குழாய். ஒன்றாம் இறக்கை எது என்பதற்கு அந்தக் குழாய்தான் அடையாளம். அதற்கு வலப்பக்கத்துக் கால்பாகம் கறுப்பு.

அவர் தாளில் இடப்பக்கம் கறுப்பு.

"இது திருப்பி அச்சடிச்ச படம்" என்றார் உடனே. "அச்சகத்துல படச்சுருளை மாத்திப் போட்டுட்டா இப்படித்தான் இடம் வலமாயிடும். நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

மைத்துனன் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

வலப்பக்கம் விரிந்து நிற்கும் இறக்கைமேல் ஒரு எண் இருந்தது. இரண்டு. நேரான இரண்டு. படம் திரும்பியிருந்தால் எண்ணும் திரும்பியிருக்கும். இடப்பக்க இறக்கையில் நாலு. அதுவும் நேர்.

அவர் மனசுக்குள் அந்தப் பழைய வரைபடத்தை விரித்தார். ஒரு வட்டம், அதைச் சுற்றி நாலு இறக்கைகள், கடிகாரம் சுற்றுகிற திசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எங்கிருந்து பார்க்கிற படம் என்று அதில் எழுதவில்லை. மேலிருந்து என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எங்கிருந்து பார்ப்பார்கள் என்ற கேள்வியே அவருக்கு வந்ததில்லை.

"அந்த வரைபடம் கீழேயிருந்து பாத்து வரைஞ்சது" என்றார் மெதுவாக.

"ஆமா மாமா. அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். நாங்க பள்ளத்துல இறங்கி, மல்லாந்து நின்னுதானே வண்டியோட அடியைப் பூசுவோம். எனக்கு எதுவா இருந்தாலும் அடியிலேயிருந்துதான் தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நேத்து பஞ்சு சுத்தும்போதே பாத்துட்டேன். விடுங்க. கண்ணாடிக்குள்ள வெச்ச பிறகு யாரு போய் எண்ணப்போறாங்க? நீங்க எவ்வளவு நாளா ஆசைப்பட்டதுன்னு அக்கா சொல்லியிருக்கா."

அக்கா சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் இவர் ஆசையை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பாவம், அவருக்கே போகட்டும் என்று இவன் நேற்றே விட்டுக்கொடுத்திருக்கிறான். அதனால்தான் அவ்வளவு கைதட்டல்.

பூச்சில் அவன் மேல். கண்ணிலும் மேல். இப்போது மனசிலும் மேலாகப் போகிறான். முதல் இரண்டையும் இவர் எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பார். இந்த மூன்றாவதை அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அவன் பிச்சையாகப் போட்ட பேழைக்குள் தன் பேர், தப்பான கால்பாகத்துக்குக் கீழே, நூலகம் இடிகிறவரைக்கும் நிற்கும் என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடாகிவிட்டது.

மூடியை எடுத்துக்கொண்டு நேரே நில அளவையரிடம் போனார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. தப்பு அவனோடது இல்ல. என் தாளோடது."

நில அளவையர் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப என் வீட்டு அலமாரியில நிக்கற மூணும்?"

"மூணும்."

"எல்லாரோடதுமா?"

"என் தாளைப் பாத்துப் பூசினது எல்லாம். பதினேழு ராக்கெட். கணக்கு இருக்கு."

கூட்டத்தில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொருவர், "நான் ரெண்டாவது தடவை அழிச்சுட்டுப் பூசினேங்க, உங்க தாளை நம்பி" என்றார் அழுகிற மாதிரி. "மில்லிமீட்டர்னு பேர் வெச்சதுக்குக் கிலோமீட்டர் கணக்குல தப்பு பண்ணியிருக்கீங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். தப்பை ஒத்துக்கொள்வது அவருக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஒரு அளவு தப்பென்றால் தப்பு. அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுத வேண்டியதுதான்.

ஆனால் நில அளவையர் விடுகிற ஆள் இல்லை. ஒன்று இடித்தால் அடுத்ததையும் அளப்பவர்.

"ஒண்ணு மட்டும் புரியல. வட்டத்துல யாரு இதை வாங்கினாலும் நீங்களே தேடிப் போய்த் தாளைக் குடுப்பீங்க. உங்க வீட்டு ஆளு இவரு. இவருக்கு மட்டும் எப்படி அது கிடைக்காம போச்சு?"

மைத்துனன் குறுக்கே வந்தான். "மாமா மறந்துட்டாருங்க. வேலை மும்முரம்."

இவர் மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியைப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரே சொன்ன வார்த்தைதான். இன்னொரு தடவை தலையாட்டினால் போதும். ஆனால் அதையும் இவன்தான் எடுத்து நீட்டுகிறான்.

"மறக்கல" என்றார். "குடுக்கக் கூடாதுன்னுதான் குடுக்கல. குடுத்தா இவன் ஜெயிச்சுடுவான்னு தெரியும்."

மைத்துனன் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. அவனுக்கு வலித்தது என்று இவருக்குத் தெரிந்தது. ஐந்து மாதமாக அவர் விரும்பிக்கொண்டிருந்ததும் அதுதான். வந்தபோது அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நல்லவேளை குடுக்கல மாமா" என்றான் அவன் கடைசியில். "குடுத்திருந்தா நானும் உங்களை மாதிரியே பூசியிருப்பேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நில அளவையர் பேனாவைத் திறந்து, முன்பு எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பேழையில் வைத்தார்கள். அடித்தட்டில் துளை போட்டு அசையாமல் பொருத்த வேண்டும். நடுக்கமில்லாத கை வேண்டும். வட்டத்தில் அப்படிப்பட்ட கை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இவர் மருத்துவமனையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார். மண்டியிட்டு, ரசமட்டம் வைத்து, நாலு திருகாணியையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அவருடைய கண்ணுக்கு நேரே பித்தளைச் சட்டம் இருந்தது. அதில் மைத்துனன் பேர், கறுப்பு எழுத்தில், நல்ல அளவில். எழுத்து ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் கண் தானாகவே அளந்தது. பதினாலு.

மைத்துனன் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவர் மனைவியும் அரை நாள் விடுப்பில் வந்து தம்பி பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு நடந்ததெல்லாம் தம்பி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவரிடம் அவள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"நேரா இருக்கா மாமா?" என்று கேட்டான் அவன்.

அவர் எழுந்து நின்று பார்த்தார். இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே உட்கார்ந்து அடியிலிருந்தும் ஒருமுறை பார்த்தார். அரை மில்லிமீட்டராவது சாய்ந்திருக்காதா என்று தேடினார். சாய்ந்திருந்தால் இந்த நெஞ்செரிச்சலுக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.